வெற்றிலைச் செல்லமும் மஞ்சள் குப்பியும்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பொருள்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, அம்மாவின் பித்தளை வெற்றிலைச் செல்லம். பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும் இன்னும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. மற்றொன்று, நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் மாத்திரைக் குப்பி. அதில் பதினேழு மாத்திரைகள் மீதம் இருக்கின்றன. காலாவதித் தேதி கடந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. செல்லத்தைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. குப்பியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. இருவரின் காரணங்களும் வேறு வேறு.

தமிழ் கற்பிப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் மருத்துவன் அல்லன். ஆனால், எதையாவது உண்ணக் கொடுத்தே புற்றுநோயைத் தடுத்துவிடலாம் என்று முழுமனத்தோடு நம்பி, அந்த நம்பிக்கையாலேயே ஒரு பிழை செய்தவன். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு என் பெரியம்மா மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனாள். அம்மாவுக்கு அவள் அக்காள் மட்டுமல்லள். சிறுவயதிலேயே தாயை இழந்த வீட்டில் தாயாக இருந்தவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் எல்லோரும் போனபின், திண்ணையில் அமர்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பாராமலே கேட்டாள்: "தம்பி, இது குடும்பத்துல வர்ற நோயாடா? எனக்கும் வந்துடுமா?"

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் நான் பட்டியல்களைத் தேடத் தொடங்கினேன். தேடுவதற்குப் பஞ்சமே இல்லை. வார இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் புற்றுநோயை வெல்லும் பத்து உணவுகள், பன்னிரண்டு உணவுகள் என்று மாதந்தோறும் வந்துகொண்டிருந்தன. மாதுளை, பூண்டு, தக்காளி, முட்டைக்கோசு, பச்சைத் தேயிலை, ஆளி விதை, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள். ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். எங்கள் கல்லூரியில் வேறொரு துறையில் பணியாற்றிய அன்பர் ஒருவர் மாலை நேரங்களில் சத்து மாத்திரைகள் விற்றுவந்தார். 2016இல் அவரிடம் இரண்டு குப்பிகள் வாங்கினேன். ஒன்றில் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின். மற்றொன்றில் பீட்டா கரோட்டினும் இன்னும் சில வைட்டமின்களும். மஞ்சள் குப்பியின் விலை 1,200 ரூபாய்.

அம்மா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா தம்பி இது? மஞ்சளைப் போயி மாத்திரையாப் பண்ணியிருக்கான்? கொழம்புல தெனமும் போடுறதுதானே?"

"இது சத்தை மட்டும் பிரிச்சு எடுத்ததும்மா. ஒரு மாத்திரை ஒரு கை மஞ்சளுக்குச் சமம்."

"வெலை என்ன?"

சொன்னேன். "ஆயிரத்து எரநூறா! இந்தக் காசுக்குப் பத்துக் கிலோ வெரலி மஞ்சள் வாங்கியாந்திருக்கலாமே" என்றாள். ஆனாலும் மகன் வாங்கி வந்ததாயிற்றே. அன்றிரவே ஒன்றை விழுங்கிவிட்டு, வழக்கம்போல் செல்லத்தைத் திறந்தாள்.

அந்தச் செல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கு மேற்கே, கொடிக்கால்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. அகத்தியை நட்டு, அதன்மேல் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவார்கள். ஒரே கொடிக்காலிலிருந்து வீட்டுக்கு அகத்திக்கீரையும் வரும், வெற்றிலையும் வரும். இரவு உணவுக்குப்பின் திண்ணையில் அப்பா பாக்குச் சீவுவார். அம்மா காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுப்பாள். அவர்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொண்ட நேரம் அநேகமாக அது ஒன்றுதான். திருமணமான ஆண்டிலேயே அப்பாவிடமிருந்து புகையிலையும் அம்மாவுக்குப் பழகிவிட்டது. அப்பா 2009இல் காலமானார். செல்லம் அம்மாவிடம் வந்தது. 'அதை மூடி வை' என்று சொல்வது அப்பாவையே மூடி வை என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. ஓரிரு முறை வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டேன்.

மாத்திரை வாங்கிக் கொடுப்பதில் அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. கொடுப்பவனுக்கும் மகிழ்ச்சி, பெறுபவளுக்கும் மகிழ்ச்சி.

என் நம்பிக்கைக்குத் தமிழ்ப் படிப்பும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்தின் பெயரையே வைத்த இலக்கியம் நம்முடையது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாக ஆறு பொருள்கள் சேர்ந்தது ஏலாதி. வகுப்பில் இவற்றை விளக்கும்போது, நம் அடுக்களையே மருந்துப் பெட்டி என்று சொல்லாமல் நான் பாடத்தை முடித்ததில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டதையும், இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுமம் வழக்காடி 1997இல் அதை நீக்கச் செய்ததையும் பெருமிதத்தோடு சேர்த்துக்கொள்வேன். பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் புண்ணில் பூசும் மஞ்சளிலிருந்து புற்றுநோயைத் தடுக்கும் மஞ்சளுக்கு நான் ஒரே தாவலில் போயிருந்தேன். இடையில் உள்ள தொலைவை அளந்து பார்க்கவில்லை.

2017 வாக்கில் அம்மா ஒருநாள், "காரம் பட்டா வாயி எரியுதுடா" என்றாள். நான் உடனே, "வாய்ப்புண்ணா இருக்கும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடும்மா" என்றேன். கீரையும் வாங்கி வந்து கொடுத்தேன். அவள் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுபடி சில மாதங்கள் கழித்துச் சொன்னபோது, தேங்காய்ப்பாலில் அதே கீரையைப் போட்டுத் தரச் சொன்னேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஓர் உணவு இருந்தது.

2018 டிசம்பரில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதென்று பல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இளம் வயதுப் பெண் மருத்துவர். விளக்கை வைத்துப் பார்த்தவர் பல்லை விட்டுவிட்டு இடது கன்னத்தின் உட்புறத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, போயிலை எத்தனை வருஷமாப் போடுறீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்தும்மா."

"இந்த வெள்ளைத் திட்டு எப்பலேருந்து இருக்கு?"

"அது இருக்கும் ரெண்டு மூணு வருஷமா. தம்பிக்கிட்டகூட எரியுதுன்னு சொன்னேன்." பிறகு என்னைக் காக்க விரும்பியவள்போல அவசரமாகச் சேர்த்தாள்: "தம்பி மாத்திரையெல்லாம் வாங்கிக் குடுத்துருக்கும்மா. வெலை ஒசந்த மாத்திரை. அது சாப்பிடுறோமேன்னுதான் போயிலையைப் பத்தி நான் பயப்படலை."

அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் கடந்து செல்ல இயலவில்லை. மாத்திரை அவள் உடலில் என்ன செய்ததோ தெரியாது; அவள் மனத்தில் புகையிலைக்கு ஓர் அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை நான்தான் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. 2019 ஜனவரியில் அறுவை. கன்னத்தின் உட்பகுதியையும் கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் நீக்கினார்கள். மார்பிலிருந்து தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பின்னர் கதிர்வீச்சுச் சிகிச்சை. பல வாரங்கள் மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் உணவு. பாலும் முட்டையும் கஞ்சியும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, ஊசிக்குழலில் எடுத்து மெதுவாகச் செலுத்துவேன். சிகிச்சைக் காலத்தில் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம் என்று செவிலியர் நாள்தோறும் நினைவூட்டினார். அப்போதுதான் உணவு உண்மையாகவே அம்மாவின் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது எந்தப் பட்டியலிலும் இல்லாத வெறும் கஞ்சி.

மருத்துவமனை இரவுகளில் உறக்கம் வராது. படிக்கத் தொடங்கினேன். முன்பு பட்டியல்களைப் படித்தவன், இம்முறை அந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் இருந்த சோதனைகளைப் படித்தேன். பீட்டா கரோட்டினின் கதை அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. தெரிந்திருக்க வேண்டிய காலத்தில் தெரியாமல் போன கதை.

காய்கனிகளை நிறைய உண்பவர்களுக்குப் புற்றுநோய், அதிலும் நுரையீரல் புற்றுநோய், குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டினே அதற்குக் காரணமாக இருக்கலாமா என்று 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் முதலிய அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருக்கிறது என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். சோதித்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பல குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரை என்று ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது.

தற்செயல் என்று சிலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் அதே காலத்தில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், கல்நார் தொழிலாளர்கள் என 18,314 பேருக்கு, பாதிப்பேருக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும். அதையும் 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும், இறப்பு 17 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. காக்கும் என்று கொடுத்தது கேடு செய்தது.

அம்மா புகைத்தவள் அல்லள், மென்றவள். ஆகவே இந்த முடிவை அப்படியே அவளுக்குப் பொருத்திச் சொல்ல இயலாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் 1996இலேயே உலகறிந்த ஒரு செய்தி, இருபது ஆண்டுகள் கழித்து என் தாயிடம் குப்பியை நீட்டியபோது எனக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை.

எங்கே தவறியது? என் வகுப்பறையை வைத்து எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். முதல் இருக்கையில் அமரும் மாணவர்கள் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். அதற்காகக் கடைசி இருக்கை மாணவனைத் தூக்கி முதல் இருக்கையில் உட்கார வைத்தால் மதிப்பெண் வந்துவிடாது. முன்னால் அமர்கிறவனுக்குப் படிப்பில் ஆர்வம் இருக்கிறது, பாடத்தைக் கேட்கிறான், வீட்டிலும் படிக்கிறான். இருக்கை அதற்கு ஓர் அடையாளம். அதுபோல, இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தவர்கள் காய்கறி நிறைய உண்டவர்கள்; அவர்களில் பலர் புகைபிடிக்காதவர்கள், மது குறைவாக அருந்துபவர்கள். கேரட்டில் அந்த ஒரு பொருள் மட்டுமா இருக்கிறது? நார் இருக்கிறது, நீர் இருக்கிறது, வேறு எத்தனையோ நுண்பொருள்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்து, எந்தச் சாப்பாட்டிலும் கிடைக்காத அளவுக்குக் குவித்துக் கொடுத்தால் அது உணவு அன்று, வேறொன்று.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பதுதான் அதன் தொடக்கக் கருத்து. அந்தக் கூடுதலும் குறைவும் உணவையும் செயலையும் குறித்தவை என்று பரிமேலழகர் விளக்குகிறார். மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். குறைவைப் பற்றி மட்டுமே எனக்கு அச்சம் இருந்திருக்கிறது. கூடுதலும் நோய் செய்யும் என்ற பாதியை நான் வாயால் சொன்னேனே தவிர மனத்தில் வாங்கவில்லை.

குறைந்தவர்களுக்குக் கொடுத்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்வதுதான் நேர்மை. சீனாவில் லின்சியன் என்ற வட்டாரத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் வயிற்றுப் புற்றுநோயும் மிகுதி. மக்களின் உணவிலும் பல சத்துகள் பற்றாக்குறை. அங்கே 29,584 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1993இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து உண்டவர்களிடம் புற்றுநோய் இறப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. பசித்தவனுக்கு இட்டது பயன் தந்தது. நன்றாக உண்பவர்களிடம் அந்தப் பயன் காணவில்லை. அமெரிக்கா முதலிய நாடுகளில் 35,533 ஆண்களுக்குச் செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்த சோதனை பயனின்றி 2008இல் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்ததை 2011இல் அறிந்தார்கள்.

மஞ்சளின் கதை வேறு. குர்குமினைச் சோதனைச் சாலையில் புற்றணுக்களின்மேல் ஊற்றினால் அவை மடிவதுண்டு. ஆனால் நாம் விழுங்கும் குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது. பெரும்பகுதி வந்த வழியே போய்விடுகிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் கலக்கும் அளவு பன்மடங்கு கூடும் என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் கண்டார்கள். குழம்பில் மஞ்சளோடு மிளகும் போடுகிற நமக்கு இது இனிக்கும் செய்தி. எனக்கும் இனித்தது. ஆனால் மாத்திரையின் அளவில் அப்படிக் கூட்டிக் கொடுத்தபோது எல்லோருக்கும் அது நன்மையாக முடியவில்லை. மஞ்சள் மாத்திரை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை 2019இல் இத்தாலி நாட்டுச் சுகாதாரத் துறை அறிவித்தது. அமெரிக்க மருத்துவர்களும் பின்னர் அத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மனிதர்களிடம் மஞ்சள் மாத்திரை புற்றுநோய் வராமல் தடுத்தது என்று காட்டிய பெருஞ்சோதனை எதையும் நான் காணவில்லை. குழம்பில் இடும் மஞ்சளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அது குழம்புக்கு மணமும் நிறமும் தரட்டும். அந்தப் பணியை அது செம்மையாகவே செய்கிறது.

நான் தேடியவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது நம் அண்டை மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு. திருவனந்தபுரம் பகுதியின் மீனவக் கிராமங்களில், புகையிலை மெல்லுவதால் வாயில் வெண்திட்டு வந்தவர்களுக்கு வைட்டமின் ஏ-யும் பீட்டா கரோட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். 1997இல் முடிவு வெளிவந்தது. வைட்டமின் ஏ உண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பீட்டா கரோட்டின் உண்டவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் திட்டு முழுவதுமாக மறைந்தது. இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் நான் கொடுத்தது வீண் இல்லையோ? அடுத்த வரியில் விடை இருந்தது. மாத்திரையை நிறுத்தியபின், குணமானவர்களில் பாதிப்பேருக்கு மேல் திட்டு திரும்ப வந்துவிட்டது. அம்மாவின் திட்டோ, நான் கொடுத்த மாத்திரையை உண்டுகொண்டிருந்தபோதே வளர்ந்து முற்றியது.

புகையிலையோடு சேர்ந்த வெற்றிலைபாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே முடிவு செய்துவிட்டது. 2003இல் மீண்டும் ஆராய்ந்து, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. இந்தச் செய்தி எனக்கு எட்டாமல் இல்லை. செய்தித்தாளில் படித்திருப்பேன். ஆனால் தமிழ் படித்தவனுக்கு வெற்றிலைபாக்கு வெறும் பொருள் அன்று. கொலைக்களக் காதையில் கண்ணகி கோவலனுக்கு வாழைக்குருத்தில் சோறிட்டு, உண்டு முடித்ததும் வெற்றிலைபாக்குக் கொடுக்கிறாள். அதன்பின் அவன் சிலம்பு விற்கப் போகிறான், திரும்பவில்லை. அவள் கையால் அவன் கடைசியாகப் பெற்றது அந்த வெற்றிலைதான். அந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வரும். புகையிலை போர்ச்சுகீசியர் வழியாகப் பின்னாளில் வந்த இலை; சங்கப் பாட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் வந்தபின் அதற்கும் நம்மவர் பாட்டுக் கட்டினார்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனி முருகனிடம் தூதாகவே அனுப்பினார். இத்தனை அன்பும் அழகும் சுற்றிக் கிடக்கிற ஒன்றை எப்படி நஞ்சு என்று சொல்வது?

அங்கேதான் பட்டியல்கள் நம் காதில் இனிமையாக விழுகின்றன. அவை எதையும் விடச் சொல்வதில்லை, சேர்க்கச் சொல்கின்றன. சேர்ப்பது எளிது, ஒரு மாதுளை வாங்கினால் முடிந்தது. விடுவது கடினம், விடச் சொல்வது அதனினும் கடினம். தைவானில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. புகைபிடிப்பவர்கள் எல்லோருக்கும் சத்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்து, பாதிப்பேரிடம் மட்டும் இது வைட்டமின் என்றார்கள். வைட்டமின் உண்டதாக நம்பியவர்கள், உண்மை தெரிந்தவர்களைவிட அதிகமாகப் புகைத்தார்கள். அம்மா பல் மருத்துவரிடம் சொன்ன வாக்கியமும் இதுவும் ஒன்றுதான்.

அப்படியானால் உணவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் நாம் விரும்புகிற அளவுக்கு வியப்பூட்டுவதாக இல்லை. முழுத்தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. கம்பும் கேழ்வரகும் கீரையும் பருப்பும் உண்ட நம் பாட்டிமார் அதற்கென்று எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை. மதுவும், உடல் பருமனும், பதப்படுத்திய இறைச்சியும் வாய்ப்பைக் கூட்டும். காய்கனிகள் வாய்ப்புற்றுநோயைத் தடுக்கும் என்று 2007இல் ஓரளவு உறுதியாகச் சொன்ன உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், 2018 அறிக்கையில் அந்தச் சான்று அத்தனை வலுவானது அன்று என்று தன்னைத் திருத்திக்கொண்டது. காய்கனிகளை நன்றாக உண்ணும்படி சொல்லும் அதே அறிக்கை, புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிச் சத்து மாத்திரைகளை உண்ண வேண்டாம் என்றும் தனிப் பரிந்துரையாகவே சொல்கிறது. இந்திய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். அதற்கு முதற்காரணம் என்ன சாப்பிடவில்லை என்பது அன்று. எதை மென்றோம் என்பது.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் நடந்த ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் வீட்டில் கைவிளக்கு இருந்தது. மின்சாரம் போனால் எடுப்போம். அம்மாவின் வாயை நோக்கி ஒருநாளும் அதைப் பிடித்ததில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பேச்சு சற்றுக் குழறும், பழகியவர்களுக்குப் புரியும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். குழைந்த சோறும் பருப்பில் மசித்த கீரையும் உண்கிறாள். மாதுளை முத்துகளை மெல்ல முடியாது, பிழிந்து கொடுக்கிறேன். தடுக்கும் என்று கொடுத்த காலத்தில் கடமையாகக் குடித்தவள், இப்போது இனிக்கிறது என்று குடிக்கிறாள். மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து செல்லத்தைத் திறக்கவில்லை. "போயிலையை எப்படிம்மா விட்டே?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ விடச் சொல்லவே இல்லையேடா" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. உண்மையாகவே யோசித்துச் சொன்னதுபோல இருந்தது.

கொடிக்காலுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மாலையில் எங்கள் திண்ணையில் சற்று உட்கார்ந்து போவதுண்டு. அம்மா கைவிளக்கோடு அவர்களுக்காகக் காத்திருக்கிறாள். "வாயைத் தெற" என்று ஒவ்வொருத்தியையும் அதட்டி, விளக்கடித்துப் பார்க்கிறாள். சென்ற ஆண்டு அப்படிப் பார்த்ததில் ஒரு பெண்ணின் கன்னத்தில் வெண்திட்டு இருந்தது. நானே அழைத்துப்போய்க் காட்டினேன். புற்று இல்லை என்றார் மருத்துவர். புகையிலையையும் பாக்கையும் உடனே விட வேண்டும், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா அவளைத் தினமும் விசாரிக்கிறாள். இம்முறை விடச் சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, "ராத்திரியெல்லாம் என்னடா எழுதுற?" என்றாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். சற்று யோசித்தாள்.

"அந்த மாத்திரை வெலையையும் எழுது. பத்துக் கிலோ மஞ்சள் வாங்கியிருக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.